சனிக்கிழமை பின்னேரம் டச் பேயில்: புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிற பத்துப் பதினைந்து பேர் சனிக்கிழமை பின்னேரங்களில் டச் பே கடற்கரையில் கூடுகிறோம். அந்த வாரம் தொழில்நுட்ப உலகில் வந்த செய்திகளைக் கதைப்போம், சண்டை பிடிப்போம், பிளேன்டீ குடித்துவிட்டுப் போவோம். சங்கம் இல்லை, தலைவர் இல்லை, சந்தா இல்லை. புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து சொல்லி வாய் நோகிறது என்பதால் எழுதி வைக்கிறேன். பதில்கள் என்னுடையவை. கூட்டத்தில் பாதிப் பேர் இதில் பாதியை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

யார் யார் வருகிறார்கள்?

கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள், கொழும்புக் கம்பனிகளுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒப்பந்தத்தில் எழுதுகிறவர்கள், சொந்தமாக ஏதோ தொடங்கி இழுபடுகிற என்னைப் போல இரண்டு மூன்று பேர். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருவார்கள், பஸ் இருந்தால்.

எல்லாரும் “கம்பி இருக்கா?” என்று கேட்கிறீர்களே, அது என்ன?

யாராவது ஒரு செய்தியை எடுத்தால் முதலில் விழுகிற கேள்வி அது. அந்தச் சம்பவம் நடந்த இடத்திலிருந்து எங்கள் சட்டைப்பை வரைக்கும் ஒரு கம்பி ஓடுகிறதா? ஓடினால் எந்த வழியாக: சம்பளமா, வரியா, உரிமமா, சேர்வரா? ஒரு கோடீஸ்வரர் இன்னொரு கோடீஸ்வரரைத் திட்டிய செய்திக்குக் கம்பி கிடையாது. அதையும் கதைப்போம், ஆனால் தேத்தண்ணி முடியும் வரைக்கும்தான்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பனி அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்று 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. விமானங்கள் நின்றன. எங்கள் கூட்டத்தில் ஒரு கணினிகூட நிற்கவில்லை. காரணம் கெட்டித்தனம் இல்லை. அந்த விலைக்குப் பாதுகாப்பு மென்பொருள் வாங்குகிற நிலையில் எங்களில் யாரும் இல்லை. கம்பி இல்லை.

2025 ஒக்டோபர் 20 வேறு கதை. அமேசனின் வெர்ஜீனியாத் தரவு மையங்களில் டைனமோடிபி என்ற தரவுத்தளம் எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்கிற டிஎன்எஸ் பதிவு வெறுமையாகிப் போக, உலகம் முழுக்கச் செயலிகள் விழுந்தன. எங்கள் நேரப்படி மத்தியானம் பன்னிரண்டேகாலுக்கு மேல், அதுவும் தீபாவளி நாள். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் என்னோடு சேர்த்து எங்களில் நான்கு பேருக்கு வாடிக்கையாளரின் அழைப்பு வந்தது. ஒருவர் மட்டும் ஆறுதலாகச் சாப்பிட்டார்; அவருடைய சேர்வர் சிங்கப்பூரில் இருந்தது. பாயசம் ஆறிப்போன அன்றைக்குத்தான், எந்தப் பிராந்தியத்தில் எதை வைத்திருக்கிறோம் என்று மற்ற மூன்று பேரும் நானும் முதல்முறையாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம்.

மெட்டாவும் கூகுளும் ஆட்களை நிறுத்தினால் உவர்மலையில் இருக்கிற எனக்கு என்ன?

நேரடியாக ஒன்றுமில்லை. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நிறுத்துவதாக அறிவித்தன. எங்களில் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் ஏன் நிறுத்தினார்கள் என்று நோண்டினால் கம்பி தட்டுப்படும்.

கொரோனாக் காலத்தில் அமெரிக்காவில் கடன் கிட்டத்தட்டச் சும்மா கிடைத்தது. 2022 மார்ச் வரை பூச்சியத்தை ஒட்டிக் கிடந்த மத்திய வங்கி வட்டி 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 சதவீதம் வரை ஏறியது. வங்கியில் சும்மா போட்டாலே ஐந்து சதவீதம் வரும்போது, என்றைக்கோ இலாபம் காட்டப்போகிற கம்பனியில் காசைப் போட யாருக்கு மனம் வரும்? முதலீடு வற்றியது. வற்றினால் பெரிய கம்பனிகள் ஊழியரை நிறுத்தும். சின்னக் கம்பனிகள் அதற்கும் முன்னால், சத்தமில்லாமல், ஒப்பந்தக்காரரை நிறுத்தும். நாங்கள்தான் அந்த ஒப்பந்தக்காரர்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் “அடுத்த காலாண்டில் பேசுவோம்” என்று ஒரு வரி எழுதினார். அந்தக் காலாண்டு இன்னும் வரவில்லை.

இதைவிட மெல்லிய, ஆனால் இறுக்கமான கம்பி ஒன்று உண்டு. அமெரிக்க வரிச்சட்டத்தின் 174ஆம் பிரிவு. முன்பெல்லாம் மென்பொருள் உருவாக்கச் செலவை அந்த ஆண்டு வருமானத்திலேயே கழிக்கலாம். 2017இல் நிறைவேறிய சட்டம் 2022 முதல் அதை மாற்றியது: நாட்டுக்குள் செய்த வேலை என்றால் 5 ஆண்டுகளில், வெளிநாட்டில் செய்த வேலை என்றால் 15 ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழிக்கலாம். ஒரு சின்ன அமெரிக்கக் கம்பனி உங்களுக்கு ஆண்டுக்கு 30,000 டொலர் கொடுக்கிறது என்று வையுங்கள். 15 ஆல் வகுத்தால் 2,000. முதல் ஆண்டில் அதிலும் பாதிதான் கணக்கு, ஆகவே 1,000. கொடுத்தது முப்பதாயிரம், வரிக்காரருக்குக் காட்ட முடிந்தது ஆயிரம். மீதி 29,000 அவர்கள் கையில் இல்லாத இலாபம், ஆனால் வரி மட்டும் உண்டு. 2025 ஜூலையில் புதிய சட்டம் வந்து உள்நாட்டு வேலைக்குப் பழைய முறையைத் திருப்பிக் கொடுத்தது. வெளிநாட்டு வேலைக்கு 15 ஆண்டு அப்படியே நிற்கிறது.

ஆட்குறைப்புச் செய்திக்கு நூறு பேர் கருத்துச் சொல்வார்கள்; இந்தப் பிரிவைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்க மாட்டார். திருகோணமலையில் இருந்து அமெரிக்காவுக்கு எழுதுகிற ஒருவருக்கு இரண்டாவதுதான் முக்கியம். அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் வாடிக்கையாளர் தேடச் சொல்லி நான் எல்லாரையும் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏஐ எழுதிவிடுகிறதே, இனி நிரலாக்கம் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் முதல் வேலை கிடைப்பது முன்பைவிடக் கடினம் என்பதை மறைக்க மாட்டேன். ஒரு படிவம், ஒரு பட்டியல் பக்கம், ஒரு சின்னத் திருத்தம் என்று புதியவருக்குக் கொடுத்துப் பழக்குகிற வேலைகளைத்தான் அது முதலில் தின்றது.

வேகத்தைப் பற்றிச் சொல்கிறவற்றை அப்படியே விழுங்காதீர்கள். 2025 ஜூலையில் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 நிரலாளர்களுக்கு அவர்கள் நன்கு பழகிய திறமூலத் திட்டங்களிலேயே (யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடியவை) 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. ஏஐ பாவித்தபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் போனது. விசேஷம் அதில் இல்லை. முடித்த பிறகும் தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே அவர்கள் நம்பினார்கள். புதிய மொழியில் புதிய திட்டம் தொடங்குகிறவருக்கு இந்த எண் பொருந்தாது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார், அது நியாயம். நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 2025 கணக்கெடுப்பில் 84 சதவீதம் பேர் இந்தக் கருவிகளைப் பாவிக்கிறார்கள் அல்லது பாவிக்கப் போகிறார்கள். 46 சதவீதம் பேர் அவற்றின் சரிதன்மையை நம்பவில்லை. சாப்பாடு சரியில்லை என்று சொல்லிக்கொண்டே தினமும் அதே கடையில் சாப்பிடுவது மாதிரி.

எங்கள் அனுபவம் ஒன்று. வளாகத்துப் பிள்ளை ஒருத்தி உப்புவெளி விடுதி ஒன்றுக்கு முன்பதிவுச் செயலியை இரண்டு நாளில் ஏஐயை வைத்துச் செய்து முடித்தாள். பார்க்க அழகு. ஆனால் 14ஆம் திகதிக்கு அறை கேட்டவருக்கு 13ஆம் திகதி அறை ஒதுக்கியது. இங்கே 14ஆம் திகதி நள்ளிரவு என்றால் உலகப் பொது நேரத்தில் 13ஆம் திகதி மாலை 6.30, நேரத்தைச் சேமிக்கும்போது அப்படி மாற்றிவிட்டு, வாசிக்கும்போது திகதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தது. அவள் அதே ஏஐயிடம் கேட்டாள், அது மன்னிப்புக் கேட்டு ஐந்தரை மணித்தியாலத்தைக் கையால் கூட்டிவிட்டது. அதனால் வேறு இடத்தில் 15ஆம் திகதி முளைத்தது. தங்கும் நாளுக்கு மணி நேரமே தேவையில்லை, வெறும் திகதியாக வைத்தால் போதும் என்று கண்டுபிடித்தது அவள்தான், அதுவும் விடுதிக்காரரின் பழைய சிஆர் கொப்பியைப் பார்த்து. அந்தக் கொப்பியில் எந்தப் பக்கத்திலும் மணி எழுதப்படவில்லை.

இலங்கை 1996 முதல் 2006 ஏப்ரல் வரை உலகப் பொது நேரத்திலிருந்து இப்போதுள்ள ஐந்தரை மணித்தியால வித்தியாசத்தில் இருக்கவில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன். பழைய பதிவுகளோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒருநாள் உதவும்.

தமிழில் செயலி செய்வதில் அப்படி என்ன சிரமம்? மொழிபெயர்த்தால் போதாதா?

போதாது. “நிலாவெளி” என்று எழுதுங்கள். உங்கள் அம்மாவிடம் கேட்டால் நான்கு எழுத்து என்பார். கணினிகள் எழுத்துகளுக்கு இலக்கம் கொடுக்கிற பொது முறையான ஒருங்குறியில் அது எட்டு: ந, இகரக் குறி, ல, கால், வ, கொம்பு, ள, மறுபடி இகரக் குறி. அதைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 24. “வெ”யில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரியும், கணினிக்குள் பின்னால் இருக்கும். ஏழு இடத்தோடு வெட்டுகிற ஒரு பெட்டியில் ஊர்ப்பெயர் “நிலாவெள” என்று நிற்கும். நான் அப்படி ஒரு விலைப்பட்டியல் அச்சடித்துக் கொடுத்து வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

விடுதிக்காரருக்கு நான் விற்கிற முன்பதிவுச் செயலி அனுப்பும் குறுஞ்செய்தியில் இது காசாகவே வெளிப்படும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ் என்றவுடன் அது 70 ஆகிவிடும். 70ஐத் தாண்டினால் ஒவ்வொரு துண்டும் 67. “உங்கள் முன்பதிவு உறுதி செய்யப்பட்டது” என்ற ஒரு வரியே 36 இடம் பிடிக்கும். அதற்குப் பிறகு பெயர், திகதி, அறை இலக்கம், தொலைபேசி என்று போட்டால் இரண்டு செய்திக் காசு நிச்சயம், மூன்றும் ஆகலாம். முதல் மாதக் கட்டணச் சிட்டையைப் பார்த்தபோது கம்பனி ஏமாற்றிவிட்டது என்று சண்டைக்குப் போனேன். கணக்குச் சரி, பிழை என்னுடையது. இப்போது “பதிவு உறுதி” என்று சுருக்கியிருக்கிறேன். வாடிக்கையாளர் யாரும் குறை சொல்லவில்லை.

ஏஐயிலும் இதே கதை நடந்தது. இந்தக் கருவிகள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக உடைத்து, துண்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகின்றன. 2024 மேயில் ஓபன்ஏஐ ஜிபிடி-4ஓவை வெளியிட்டபோது காட்டிய மாதிரி உரை தமிழில் முன்பு 116 துண்டாக இருந்தது, புதிய முறையில் 35 ஆனது. அதே உரை ஆங்கிலத்தில் 24. அதாவது அதுவரை தமிழில் கேள்வி கேட்டவர் அதே பதிலுக்கு நான்கு மடங்குக்கு மேல் கட்டியிருக்கிறார். அந்த வெளியீட்டில் எல்லாரும் அது குரலில் பேசுவதைப் பற்றிக் கதைத்தார்கள். எங்கள் கூட்டம் இந்த எண்ணைப் பற்றி இரண்டு மணித்தியாலம் கதைத்தது.

பிறகு பாமினி. பல இடங்களில் கோப்புகள் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வரும். அது ஒருங்குறி அல்ல. ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாகக் கொட்டிக் கிடக்கும். மாற்றும் கருவிகள் உண்டு. இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தால் அதையும் தமிழாக்கிக் குழப்பிவிடும் என்பதால் கண்ணால் ஒருதரம் வாசிக்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுக் காசை எப்படி வாங்குவது?

இதுதான் அதிகம் கேட்கப்படுவது, அதிகம் பொய் சொல்லப்படுவதும். இலங்கையில் இருந்து பேபாலில் காசு கட்டலாம்; இதை எழுதும் வரைக்கும் வாங்க முடியாது. இணையத்தில் அட்டை வழியாகக் காசு வாங்க உதவும் ஸ்ட்ரைப்பின் நாடுகள் பட்டியலில் நாங்கள் இல்லை. ஒப்பந்த வேலைக்குப் பெரும்பாலும் நேரடி வங்கி மாற்றல் அல்லது பயோனியர் என்ற காசு மாற்றும் சேவை. செயலி விற்கிறவர்கள் சிலர் ஸ்ட்ரைப் அட்லஸ் வழியாக 500 டொலர் கட்டி அமெரிக்காவின் டெலவெயரில் கம்பனி பதிகிறார்கள். அந்த 500 வாசல் கட்டணம் மட்டும்தான். பிறகு ஆண்டுக்கு ஆண்டு அங்கே வரி, அறிக்கை, கணக்காளர் என்று தொடரும். மாதம் நூறு டொலர் வருமானத்துக்கு அதைச் செய்யாதீர்கள்.

“ரொறன்ரோவில் மச்சான் இருக்கிறான், அவனுடைய பேபாலுக்குப் போடச் சொல்லலாமா அண்ணா?” வேண்டாம். கணக்கு முடங்கினால் காசும் போகும், உறவும் போகும். வரி அவர் தலையில் விழும்.

வரி என்றதும் பயப்படுகிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுக்குச் சேவை செய்து அந்நியச் செலாவணியாக வங்கி ஊடாகக் கொண்டுவரும் வருமானத்துக்கு வரி உண்டு. அதிகபட்சம் 15 சதவீதம். அதே நாளிலிருந்து தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சம் ரூபாய் ஆனது, அதாவது மாதம் ஒன்றரை இலட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் உழைத்தால் வரி இலக்கம் எடுத்துக் கட்டிவிடுங்கள். வங்கியில் வீட்டுக்கடன் கேட்கப் போகும் நாளில், “என்ன வேலை செய்கிறீர்கள் தம்பி?” என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில்.

முதலீடு தேடலாமா? வை காம்பினேட்டருக்கு விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கக் காசு இல்லை, படிவம் நல்ல பயிற்சி. ஆனால் கணக்கைப் பாருங்கள். தொடக்கக் கம்பனிகளுக்கு முதல் காசு போடுகிற அந்த அமெரிக்க நிறுவனம் 2022 முதல் கொடுப்பது 5 இலட்சம் டொலர்: 125,000 டொலருக்கு 7 சதவீதப் பங்கு, மீதி 375,000 அடுத்த முதலீட்டாளர் வைக்கும் விலையில் பங்காக மாறும். முதல் பகுதியை மட்டும் வகுத்தாலே உங்கள் கம்பனியின் மதிப்பு ஏறக்குறைய 18 இலட்சம் டொலர் ஆகிறது. அந்தக் காசு உங்களை நூறு மடங்கு வளரச் சொல்லி நெருக்கும். உப்புவெளி தொடங்கி நிலாவெளி வரைக்கும் உள்ள எல்லா விடுதிக்காரரும் என் செயலியை வாங்கினாலும் அது நூறு மடங்கு ஆகாது. எனக்கு அது பிழைப்பு, அவர்களுக்கு அது தோல்வி.

நான் தடுக்கி விழுந்த இடம் வேறு. செயலிக்கு மாதச் சந்தா வைத்தேன். உலகம் முழுக்க அப்படித்தானே விற்கிறார்கள். சோளகக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, எல்லாரும் ஒழுங்காகக் கட்டினார்கள். ஒக்டோபரில் வாடை தொடங்கியது. மழை, கடல் கொந்தளிப்பு, உல்லாசப் பயணி இல்லை. நவம்பர் முடிவதற்குள் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் மறந்துபோய்க் கட்டியவர். மீனவருக்குக் கடன் கொடுக்கிற கடைக்காரருக்குத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை: இந்தக் கரையில் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் இல்லை. இப்போது பதிவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன். வாடையில் எனக்கும் வருமானம் குறைவு, ஆனால் யாரும் ஓடுவதில்லை. அந்த மாதங்களில் ஒப்பந்த வேலை செய்கிறேன்.

திறமூலத்தில் சும்மா வேலை செய்தால் என்ன கிடைக்கும்?

பெயர், பழக்கம், சிலவேளை வேலை. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கூகுளின் கோடைக்காலத் திறமூலத் திட்டத்தில் பல ஆண்டுகள் உலகிலேயே முதலிடத்தில் நின்றார்கள், இங்கிருந்தும் முடியும்.

ஆனால் 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் கதையையும் வாசித்துவிட்டு வாருங்கள். களைத்துப்போன ஒரு பராமரிப்பாளருக்கு உதவி செய்வதாக வந்த ஒருவர், இரண்டு ஆண்டுக்கு மேல் நம்பிக்கை சேர்த்து, உலகம் பாவிக்கிற ஒரு சுருக்கக் கருவிக்குள் திருட்டு வாசல் வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், சேர்வருக்குள் நுழைவது அரைச் செக்கன் தாமதமாகிறதே என்று எரிச்சல்பட்டுத் தோண்டியதால் அது பிடிபட்டது. எங்கள் இணைய வேகத்தில் அரைச் செக்கனை யார் கவனித்திருப்பார்?

இலங்கையில் இருந்து உருப்படியாக ஏதாவது வந்திருக்கிறதா?

டபிள்யூஎஸ்ஓ2 என்ற திறமூல மென்பொருள் கம்பனி. 2005இல் சஞ்ஜீவ வீரவர்ணவும் சகாக்களும் தொடங்கினார்கள், 2024இல் சுவீடனின் ஈக்யூடி 60 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. வாடகை வாகனச் செயலியான பிக்மீ அதே ஆண்டு கொழும்புப் பங்குச்சந்தைக்கு வந்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது சகானா என்ற பேரிடர் உதவி மென்பொருள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சில வாரங்களுக்குள் இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் எழுதியது: காணாமல் போனவர்கள், முகாம்கள், உதவி நிறுவனங்கள், என்ன வந்தது, என்ன வேண்டும். திறமூலமாக விட்டார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டியிலும் பாவித்தார்கள். நாங்கள் கூடுகிற ஊரிலும் அன்று கடல் ஏறியது. அப்போது எனக்குச் சின்ன வயது. பள்ளிக்கூட முகாமில் பெயர்களை ஒற்றை வரிக் கொப்பியில் எழுதினார்கள், ஒரே ஆளின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் இருந்தது. தரவுத்தளம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் அந்தக் கொப்பியைத்தான் சொல்வேன்.

கொழும்புக்குப் போய்விடவா?

இரண்டு ஆண்டு போய் வாருங்கள். இரவு ரயிலில் ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டை. உங்களைவிடக் கெட்டிக்காரர்கள் எழுதுவதைத் தோளுக்குப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கு இன்னும் மாற்று இல்லை. வாடகை சம்பளத்தைத் தின்னத் தொடங்கும்போது திரும்பி வந்துவிடலாம். இணையத்தைக் காரணம் காட்ட வேண்டாம்: பைபர் வராத இடத்துக்கும் 2025 ஜூலை முதல் ஸ்டார்லிங்க் இருக்கிறது, விலைதான் கடிக்கும்.

பெண் பிள்ளைகள் வரலாமா?

வருகிறார்கள். அதற்காகவே நாலரைக்குத் தொடங்கி இருட்ட முதல் முடிக்கிறோம். முன்பு இரவு எட்டு வரை இருந்தோம், அப்போது ஒருத்தியும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்க எங்களுக்கு ஒரு ஆண்டு எடுத்தது.

எனக்கு ஆங்கிலம் ஓடாது.

கூட்டம் தமிழில்தான். பிழைச் செய்தியை மட்டும் ஆங்கிலத்தில் உரக்க வாசிக்கப் பழகுங்கள்.

என்ன கொண்டுவர வேண்டும்?

சார்ஜ் ஏற்றிய மடிக்கணினி, இருந்தால். அந்த வாரம் வாசித்த செய்தி ஒன்று, அதன் கம்பி எங்கே என்று நீங்கள் நினைப்பது. சுண்டல் வாங்கினால் மூடி வையுங்கள். மான்கள் இங்குள்ள பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து கடற்கரைக்கு இறங்கி வரும், அவை கடதாசியையும் சேர்த்துத்தான் சாப்பிடும். மழை என்றால் அன்றைக்குக் கூட்டம் இல்லை.